உள்ளங்கைச் சீனி

போன வாரம் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வீடொன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் சின்ன மகள். ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. “ஒனக்கும் இதே சீனி வருத்தந்தானே தங்கச்சி? இனிமே என்னா நடக்கும்? புள்ளய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா, வேணாமா?” என்று ஒரே மூச்சில் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். அவருக்குப் போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது, மகள் மடியிலேயே தூங்கிப்போனாள், கதை பாதிதான் முடிந்திருந்தது. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சும்மாதானே இருக்கிறேன்.

எனக்கு இந்த நீரிழிவு வருத்தம் வந்தது தரம் எட்டில். முதலில் வந்தது தாகம். ஹந்தானை மலைக் குளிரில் யாருக்கும் அப்படித் தாகம் எடுக்காது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல் முதல் பாடம் முடியும் முன்பே காலியாகிவிடும். குடித்த தண்ணீர் உள்ளே தங்குவதுமில்லை. வெளியே போகணும் என்று நான் கையைத் தூக்கினாலே வகுப்பு முழுக்கச் சிரிக்கும். “கொழாயில வாஷர் போயிருச்சி போல” என்று அப்பாவும் கேலி செய்தார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். எந்தக் கோளாறும் அவருக்கு ஒரு வாஷரில்தான் போய் முடியும். அம்மா கண்டி டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். என் சீருடை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். கொஞ்ச நாளில் மறுபடி பிடித்துத் தைத்தார். வயதுக்கு வருகிற பிள்ளை, உயர்கிறது, அதனால் மெலிகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பூச்சி மருந்தும் ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்.

எறும்பைக் கண்டுபிடித்தது நான்தான். குசினியில் சீனி டின் திறந்து கிடக்க, எறும்புகள் அதை விட்டுவிட்டு வரிசையாகக் கக்கூசுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கிருந்து வருகின்றன, எங்கே போய் நிற்கின்றன என்று குந்தியிருந்து பார்த்தேன். “பொம்பளப் புள்ள கக்கூசு வாசல்ல ஒக்காந்து என்னாடி பாக்குற?” என்று அம்மா ஏசிவிட்டு மஞ்சள் தூளைத் தூவினார். மறுநாளும் அதே வரிசை. உடம்பில் தங்க முடியாத சீனி சிறுநீரில் வழிந்து போகிறது என்பது எங்கள் வீட்டில் எறும்புக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் எடுத்தது.

அந்த வாரக் கடைசியில் வாந்தி தொடங்கியது. வயிறு பிசைந்தது. ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது; ஆனால் நான் கட்டிலில்தான் கிடந்தேன். அம்மா என் முகத்தருகே குனிந்து, “வாயில என்னா பழ வாசம்?” என்றார். நான் பழம் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்பா ஆட்டோவை எடுத்தார். மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு நான் அம்மா மேல் சாய்ந்ததும், அம்மா விடாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்ன மெஷினால் எண்ணைக்கூடக் காட்ட முடியவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. அதற்குப் பிறகு சக்கரக் கட்டில், ஓட்டம், இரண்டு கையிலும் ஊசி, சேலைன்.

கண் தெளிந்து பார்த்தபோது சிறுவர் வார்ட்டில் இருந்தேன். பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அம்மா நிமிர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மணிக்கு ஒருமுறை நர்ஸ் குமாரி மிஸ்ஸி வந்து விரலில் குத்துவார். “பய வென்ட எபா துவே, பயப்பட வேண்டாம் மகள்” என்று சிங்களத்தையும் தமிழையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே குத்திவிடுவார். பயம் இல்லாமல் இல்லை. அடுத்த கட்டில் பிள்ளை அழும்போதெல்லாம், நான் செத்துப்போவேனா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் கிடந்தேன். ஆனால் பயத்தைவிட எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் பெரிதாக இருந்தது. தர்ஷிகா டொக்டர் வந்ததும், சாவேனா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் பேச்சைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும்.

“சாக மாட்டீர். ஆனால் அப்பாவும் அம்மாவும் நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தவை” என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். “கண்டி பஸ் ஸ்டாண்டில ஆக்கள் நிறைய நிக்கினம் எண்டு வைச்சுக்கொள்ளும். பஸ்ஸும் நிக்குது. ஆனால் கதவு பூட்டு. கதவு திறக்கிற கொண்டக்டர் வேலைக்கு வரேல்லை. அந்த ஆக்கள்தான் நாங்கள் சாப்பிடுறதில இருந்து வாற சீனி. பஸ் உம்மட உடம்பு. கொண்டக்டர்தான் இன்சுலின். பஸ்ஸில ஏற ஏலாத ஆக்கள் எல்லாரும் ரோட்டை நிறைச்சுக்கொண்டு நிக்கினம். அந்த ரோட்டுத்தான் இரத்தம்.”

“அப்ப பஸ் எப்புடி டொக்டர் ஓடும்?”

“நல்ல கேள்வி. ஓட வழியில்லாம தன்ர சீட்டுகளையே கழட்டி எரிச்சு ஓடும். உம்மட உடம்பு கொழுப்பை எரிச்சது அப்பிடித்தான். அதில வாற புகைதான் கீட்டோன். அந்தப் பழ வாசம், வாந்தி, மூச்சு எல்லாம் அதால வந்தது.”

“கொண்டக்டர் ஏன் வேலைக்கு வரல?”

“உடம்பே அவரை எதிரி எண்டு நினைச்சு அடிச்சுத் துரத்திப்போட்டுது. ஏன் துரத்தினது எண்டு எங்களுக்கும் முழுக்கத் தெரியாது. சீனி கூடச் சாப்பிட்டதால வந்ததில்லை, அது மட்டும் நிச்சயம்.”

ஒரு டொக்டர் தெரியாது என்று சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான். அப்பாவுக்கு அப்படியில்லை. எப்போது முழுக்கக் குணமாகும் என்று கேட்டார். “மாறாது, ஐயா. நாளுக்கு இரண்டு தரம் ஊசி போட வேணும். நேரத்துக்குச் சாப்பிட வேணும். அதைச் செய்தால் இவ படிப்பா, ஓடுவா, வேலைக்குப் போவா.” அப்பா தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊசி போடுவதைக் குமாரி மிஸ்ஸி அம்மாவுக்குத் தோடம்பழத்தில் பழக்கினார். வெறும் தண்ணீரை ஊசியில் இழுத்து, பழத்தில் குத்தி அழுத்த வேண்டும். அம்மாவுக்கு ஊசி புதிதா என்ன? ஒரு நாளிலேயே மிஸ்ஸி மெச்சும்படி குத்தினார். மாலையில் வந்த அப்பா, மேசையில் இருந்த அந்தப் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டார். அது ஊசி குத்திய பழம் என்று தெரிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரே பார்க்கலாம்! மிஸ்ஸி சிரித்த சிரிப்பில் வார்ட்டே திரும்பிப் பார்த்தது. வருத்தம் வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

டிக்கட் வெட்டும் நாளில் டொக்டர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, இனிப்பைக் கண்டபடி சாப்பிடக் கூடாது. மற்றது, ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், தலை சுற்றும். அப்போது உடனே சீனி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் வந்துவிடும். அம்மா இரண்டையும் கேட்டார். ஆனால் அவர் மனதில் பதிந்தது முதலாவது மட்டும்தான். சீனி வருத்தக்காரிக்குச் சீனி கொடுப்பதா என்று அவர் காது அடுத்ததை உள்ளே விடவே இல்லை. நான் திரும்பப் பள்ளிக்கூடம் போன அன்று, அம்மாவும் கூட வந்து ஸ்டாஃப் ரூமில் கைகூப்பி நின்றார். “எம் புள்ளைக்குச் சீனியக் கண்ணுலயும் காட்டிறாதீங்க. ஒங்களக் கும்புடுறேன்.” ஆசிரியர்கள் எல்லாரும் அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தார்கள். நல்லவர்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள்.

கொஞ்ச நாளில் நவராத்திரி வாணி விழா வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அன்று படையல் முடியும்வரை யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. நான் காலையில் ஊசி போட்டு, வீட்டில் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுத்தான் வந்தேன். பத்து மணிக்கு மறுபடி சாப்பிட வேண்டும். ஆனால் பேச்சுப் போட்டி நீண்டது, நடனம் நீண்டது, ஐயர் வரவும் பிந்தியது. சுண்டல் வாளி கண்முன்னே இருக்கிறது. சரஸ்வதிக்கு முன்பு நான் எப்படிச் சாப்பிடுவது? கை நடுங்கத் தொடங்கியபோது டொக்டர் சொன்னது நினைவு வந்து, எழுந்து ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அங்கே மூலையில் ஆசிரியர்களின் தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் சீனி டின் உண்டு. எங்கள் பக்கத்தில் வெறுந் தேத்தண்ணிக்குச் சீனியைக் கலக்க மாட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். நானும் உள்ளங்கையில் கொட்டினேன். வாயருகே கொண்டுபோகும்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

என் வகுப்பாசிரியை சுபைதா டீச்சர். “அல்லாஹ்வே! என்னா புள்ள செய்ற? இது ஒனக்கு நஞ்சில்லையா?” என்று பதறினார். என் நாக்கு குழறியது. நினைத்தது வார்த்தையாக வரவில்லை. டீச்சர் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், உள்ளங்கையை விரல் விரலாகக் கழுவிவிட்டார். அவ்வளவு அன்பாகக் கழுவினார். சீனி தண்ணீரோடு கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் விழுந்தேன்.

மறுபடி ஆட்டோ, மறுபடி அதே வார்ட், கையில் குளுக்கோஸ் சேலைன். இந்த முறை சீக்கிரம் தெளிந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் பயந்துவிட்டது. அதிபர் சேர் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு, “எனக்கும் புள்ளைங்க இருக்கு. இன்னொரு தடவ இப்புடி ஆனா யாரு பொறுப்பு? நீங்க யாராவது கூடவே இருக்கிறதுன்னா வரட்டும். இல்லாட்டி வீட்டுல இருந்து படிக்கட்டும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அப்படித்தான் முற்றத்து ஜாம் மரத்தடியில் அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டார்கள். ஸ்டாஃப் ரூமிலிருந்து கொண்டுவந்த மரக் கதிரை. காலையில் என்னோடு வந்து, பள்ளிக்கூடம் விடும்வரை அம்மா அதில் உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் குடையை விரித்துக்கொள்வார். என்னோடு படிப்பவர்கள் கேலி செய்யவில்லை, ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைக்கார முதலாளி, பள்ளிக்கூடத் தவணை முடியும்வரை மெஷினை வைத்திருப்பேன், அதற்கு மேல் வேறு ஆள் போடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவின் சம்பளம் இல்லாமல் எங்கள் வீடு ஓடாது. ஆகவே தவணை முடிந்ததும் அம்மா கடைக்குப் போவார், நான் வீட்டில் இருப்பேன் என்று அப்பா முடிவு செய்தார். என் பள்ளிப் படிப்பு அத்தோடு சரி. அந்த முடிவைக் கேட்ட அன்று என்னால் சாப்பிடாமல் அடம்பிடிக்கக்கூட முடியவில்லை, ஊசி போட்டாயிற்றே!

கிளினிக் நாளில் தர்ஷிகா டொக்டர், “அம்மா இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?” என்று சும்மாதான் கேட்டார். அம்மா அழுதுவிட்டார். எல்லாம் வெளியே வந்தது. டொக்டர் கேட்டுவிட்டு, “பிழை எங்களிலயும் இருக்கு. பிள்ளைக்குச் சொன்னம், உங்களுக்குச் சொன்னம். நாளில பாதி நேரம் இவவை வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாறம்” என்றார். சொன்னபடியே அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அவரும் குமாரி மிஸ்ஸியும் வந்தார்கள்.

ஸ்டாஃப் ரூமில் எல்லா ஆசிரியர்களும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்க, நானும் அம்மாவும் பின்னால் இருந்தோம். டொக்டர் மறுபடி பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கினார். ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால், கொண்டக்டர் கதவைத் திறந்து இருந்த ஆட்களையெல்லாம் ஏற்றிவிடுவார், ரோட்டில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்றார். மூளைக்கு அந்த ரோட்டில் எப்போதும் கொஞ்சம் பேர் நிற்க வேண்டுமாம். சுபைதா டீச்சர் மெதுவாக எழுந்தார்.

“அப்ப அன்னைக்கி நான் கழுவி உட்டது மருந்தத்தானா, டொக்டர்?”

“ஓம். ஆனால் உங்களுக்கு அதை ஆர் சொல்லித் தந்தது? ஒருத்தரும் இல்லை.”

“நான்தான் சீனியக் காட்டாதீங்கன்னு சொன்னேன்” என்றார் அம்மா. சுபைதா டீச்சர் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மிஸ்ஸி மெஷினை வெளியே எடுத்தார். அவ்வளவுதான், பயிற்சி திருவிழாவாகிவிட்டது! எனக்குக் குத்து, எனக்குக் குத்து என்று ஆளுக்கொரு விரலை நீட்டினார்கள். எத்தனை வந்தது, உங்களுக்கு எத்தனை என்று ஒருவருக்கொருவர் எண்ணை விசாரித்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆராய்ச்சி வேறு. இத்தனை நாளும் என்னைக் கண்டாலே கவலைப்பட்ட முகங்கள், இப்போது என் உடம்பின் விஷயத்தைத் தெரிந்துகொள்ளப் போட்டிபோட்டன. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதிபர் சேர் மட்டும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். ஊசி என்றால் அவருக்கு அத்தனை பயம் என்று அன்று பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துபோனது.

“எவ்வளவு சீனி குடுக்கணும்?” என்று பைக்குள் கையை வைத்தபடியே அவர் கேட்டார். மூன்று தேக்கரண்டி, தண்ணீரிலோ தேத்தண்ணியிலோ என்றார் டொக்டர். ஆனால் ஸ்டாஃப் ரூமில் கரண்டி ஏது? கையில் கொட்டிக் குடிக்கிறவர்களுக்குக் கரண்டி எதற்கு? டொக்டர் யோசித்துவிட்டு, எல்லாரையும் தாங்கள் தேத்தண்ணிக்கு எடுக்கும் அளவை உள்ளங்கையில் கொட்டச் சொன்னார். மிஸ்ஸி மருந்துக் கரண்டியால் அளந்து பார்த்தார். சுபைதா டீச்சரின் கையில் ஒரு கரண்டிதான். மற்றவர்களுக்கு ஒன்றரை, இரண்டு. அதிபர் சேர் வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்தார். அவர் உள்ளங்கையில் மூன்று கரண்டி அச்சொட்டாக இருந்தது. “சரி, இனி சேரின்ர கைதான் அளவு!” என்றார் டொக்டர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மிச்சத்தைச் சொன்னார்: சீனி கொடுத்துக் கால் மணி நேரம் பொறுத்து, விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறியதும் பிஸ்கட்டோ பாணோ சாப்பிடக் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதுவும் போடக் கூடாது, சரித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஆனாலும் அதிபர் சேருக்குத் துணிவு வரவில்லை. கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். ஜாம் மரத்தடிக் கதிரை அப்படியே இருந்தது. தவணைக் கடைசி வாரமும் வந்துவிட்டது.

அன்று கணிதப் பரீட்சை. பத்து மணிக்கு நான் பிஸ்கட் சாப்பிட வேண்டும். இந்தக் கணக்கை முடித்துவிட்டு, அடுத்ததையும் முடித்துவிட்டு என்று பிந்தினேன். இலக்கங்கள் தாளில் அசையத் தொடங்கின. கழுத்தெல்லாம் வேர்வை. சுபைதா டீச்சரிடம் கையைத் தூக்கிவிட்டு, அவர் பதில் சொல்லும் முன்பே எழுந்து பக்கத்திலிருந்த ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அங்கே அதிபர் சேர் மட்டும் இருந்தார். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் சீனி.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஜன்னலுக்கு வெளியே அம்மா தெரிந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். சேர் ஜன்னலைப் பார்த்தார், கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார். பிறகு திரும்பி என்னிடம் வந்தார்.

“கை நடுங்குதா? வேர்க்குதா? ஒன் பேரு என்னா, சொல்லு.”

நாக்குக் குழறாமல் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையிலிருந்த சீனியை என் உள்ளங்கைக்கு மாற்றினார். “பேசாத, நக்கு. நக்கிட்டு ஒரு மொடக்கு குடி” என்று கிளாஸை அவரே என் வாயில் பிடித்தார். பின்னாலேயே என் பையோடு சுபைதா டீச்சர் ஓடி வந்தார். சேர் சுவரிலிருந்த மணிக்கூட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நேரம் வந்ததும் டீச்சர் என் பையிலிருந்து மெஷினை எடுத்தார். “நான் குத்துறேன்” என்றார் சேர். என் விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் இறுக மூடினார்.

“சேர், கண்ணத் தொறந்துட்டுக் குத்துங்க” என்றேன்.

திறந்தார். குத்தினார். எண்பத்தாறு. எழுபதுக்கு மேலே இருந்தால் போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சேர் அந்த எண்ணை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். நான் பிஸ்கட் சாப்பிட்டு முடிக்கும்வரை முன்னாலேயே நின்றுவிட்டு, முற்றத்துக்கு இறங்கினார். நான் ஜன்னலருகே போனேன்.

“அம்மா, நாளையில இருந்து நீங்க கடைக்குப் போங்க.”

அம்மா பதறி எழுந்தார். “ஏன் சேர்? புள்ளைக்கு என்னா?”

“இப்பத்தான் சீனி எறங்கிருச்சி. குடுத்தோம், ஏறிருச்சி. பிஸ்கட்டும் சாப்புட்டுட்டா.”

“நான் இங்கதானே இருக்கேன், எனக்குச் சொல்லலியே சேர்!”

“சொல்லலம்மா. நாங்களே பாத்துக்கிட்டோம்” என்று சொல்லிவிட்டு, சேர் அந்தக் கதிரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

உட்கார இடமில்லாமல் அம்மா மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி டவுன் பக்கம் நடந்தார். நாளைக்குப் போகச் சொல்லியும் அம்மாவுக்கு அன்றைக்கே தையல் மெஷினைப் பார்க்க வேண்டும் போல. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவர் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, நான் போய் மிச்சக் கணக்குகளைச் செய்தேன்.